ஏற்புரை ஆற்றப்பட்டதாகக் கருதப்படும்

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழர் மூன்று காரியங்களைத் தன்பாட்டில் செய்துவிட முடியாது. வீட்டுக்கு ஆள் வந்து தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். வடக்கே போவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும். நாவல் எழுதினால் அதை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்ப் பேரவையிடம் காட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் சட்டம் இருந்தது. மூன்றாவதற்குச் சட்டமே கிடையாது, ஆனால் அதிலிருந்து மட்டும் ஒருவராலும் தப்ப முடியவில்லை.

பேரவையின் முழுப்பெயர் அகில கொழும்புத் தமிழ் நாவல் நெறிப்படுத்தற் பேரவை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அது இயங்கி வந்தது. நாற்பது பேர் இருந்தார்கள், நாற்பத்தொரு பதவிகள் இருந்தன. நெடுங்காலமாகச் சாதாரண உறுப்பினர் என்று ஒரே ஒருவர் இருந்து வந்தார். பார்க்கப் பாவமாக இருக்கிறதென்று கடந்த பொதுக்கூட்டத்தில் அவரையும் சாதாரண உறுப்பினர்களுக்கான இணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

1998ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், இந்த மாடிப்படிகளில் மெற்றில்டா ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் அவளுடைய முதல் நாவல்.

மெற்றில்டாவுக்கு முப்பத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகள் உடைக்கிற சோதனைக் குழாய்களுக்குக் கணக்கு வைப்பதும், அமிலப் போத்தல்களைப் பூட்டி வைப்பதும் அவள் வேலை. மன்னார்ப் பக்கத்தில் உப்பளம் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து எட்டு வருஷத்துக்கு முன்னர் சண்டைக்குத் தப்பி வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தாள். நாவலை ஆய்வுகூடப் பதிவுக் கொப்பிகளிலேயே எழுதியிருந்தாள். ஒரே ஒரு பிரதி, எல்லாம் கையெழுத்து.

கதை இதுதான். ஒரு சிறு பட்டணத்துக் கோயிலில் மாதாவின் சலவைக்கல் சுரூபம் விடியற்காலையில் கண்ணீர் வடிக்கிறது. ஊர் திரள்கிறது, பஸ் பிடித்து வெளியூர்ச் சனமும் வருகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் செலஸ்தீனா என்ற பெண், இது வெறும் ஈரம்தான் என்று நிரூபிக்கப் புறப்படுகிறாள். தினமும் விடிய ஐந்து நாற்பதுக்குப் போய், வெப்பமானி வைத்து ஈரப்பதன் அளந்து கொப்பியில் எழுதுகிறாள். காரணம் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. கோயிலைத் திறந்து மணியடிக்கிற சங்கிலித்தாம், விடியமுன் நிலத்தைக் கழுவுகிறான். கிணற்றுத் தண்ணீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் ஆவி இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கல்லில் பட்டுத் துளியாகி மாதாவின் கன்னத்தில் இறங்குகிறது. அவ்வளவுதான் அற்புதம். பதினோராம் நாளே அவளுக்கு இது விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் போனாள். ஏன் போனாள் என்பது அந்தச் சங்கிலித்தாமைத் தவிர எல்லா வாசகருக்கும் விளங்கும் என்று மெற்றில்டா நம்பினாள்.

கடைசியில் செலஸ்தீனா கொப்பியை அவன் கையில் கொடுக்கிறாள். அவன் தாள்களைப் புரட்டுகிறான். இலக்கங்களை அவன் பார்க்கவேயில்லை, திகதிகளைப் பார்க்கிறான். பிறகு, “ஒரு நாளும் விடேல்லையே நீ” என்கிறான். அத்தோடு நாவல் முடிகிறது.

இந்த முடிவுதான் மெற்றில்டாவைப் போட்டு அரித்தது. ஒளிப்பானேன், அந்தக் கொப்பி உண்மையானது. அவளுடைய தகரப் பெட்டியின் அடியில் அது இன்னமும் கிடந்தது. அந்தச் சங்கிலித்தாமும் உண்மை. ஆனால் கொப்பியை அவனிடம் கொடுக்கக் கிடைக்கவில்லை. கொடுக்கலாமென்று நினைத்த கிழமையில் ஊரே எழும்பி ஓடியது. இப்போது அவன் இருக்கிற பக்கத்துக்குக் கடிதமும் போவதில்லை. கொடுத்திருந்தால் அவனுக்கு விளங்கியிருக்குமா? அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இருநூற்று நாற்பது பக்கம் எழுதினாள். யாராவது ஒருவர் முழுவதும் வாசித்து, “ஓம், விளங்கியிருக்கும்” என்றோ “இல்லை, நீ வீணாய்க் கனவு கண்டிருக்கிறாய்” என்றோ சொன்னால் போதும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பேரவைத் தலைவர் இலக்கியப் பெருங்கொண்டல் கனகசுந்தரேசன் கொப்பிக் கட்டை வாங்கி, மீன் வாங்குகிறவர் மாதிரிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“எத்தினை பக்கம்?”

“இருநூற்றி நாப்பது, சேர்.”

“அணிந்துரை?”

“இன்னும் இல்லை.”

“வாழ்த்துரை, ஆசியுரை, பதிப்புரை?”

“இல்லை, சேர். நாவல் மட்டும்தான்.”

“அப்ப நீர் இன்னும் எழுதத் தொடங்கேல்லை எண்டு சொல்லும்,” என்றார் தலைவர். அவர் கோபிக்கவில்லை, அனுதாபத்தோடுதான் சொன்னார்.

“சேர், அந்தக் கடைசி அதிகாரம் சரியோ எண்டு ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொன்னியள் எண்டால்...”

“வாசிக்கிறதோ?” தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, வாசிப்பு உபகுழுவைக் கலைச்சு மூண்டு வருஷமாகுது. ஒரு கூட்டத்துக்கும் கோரத்துக்கு ஆள் சேரேல்லை. இப்ப எங்களிட்ட உபகுழு மூண்டுதான். விஞ்ஞானம், சமயம், ஒழுக்கம். உம்மட நாவலில மூண்டும் இருக்குதாம். அதால மூண்டுக்கும் போகும்.”

அப்படிச் சொல்லிக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து ஒரு சவர பிளேட்டை எடுத்தார். மெற்றில்டா வாய் திறக்குமுன் கொப்பிகளின் தையலை வெட்டிவிட்டார். வெப்பமானி வருகிற பக்கங்கள் ஒரு கட்டு. மாதா வருகிற பக்கங்கள் இன்னொரு கட்டு. சங்கிலித்தாம் வருகிற பக்கங்கள் மூன்றாவது கட்டு. கடல், மழை, கருவாட்டுக் குழம்பு முதலானவை வந்த பக்கங்களைப் பொது என்று எழுதிய கோவையில் போட்டார்.

“சேர், ஒரே பக்கத்தில மூண்டும் வருகுதே.”

“அப்பிடி எழுதக்கூடாது, பிள்ளை,” என்றார் தலைவர்.

பிறகு மூன்று மாதம் மெற்றில்டா சனிக்கிழமை தோறும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, காலி வீதி பஸ் பிடித்து, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வெள்ளவத்தைக்குப் போய் வந்தாள்.

விஞ்ஞான உபகுழுவின் தலைவர் றேமண்ட் மாஸ்ரர். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் ரியூசன் கொடுப்பவர். அவர் தன் கட்டைச் சிவப்புப் பேனையால் திருத்தி, முதற்பக்கத்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று போட்டிருந்தார்.

“அவதானம் நல்லம். முடிவு எழுதேல்லை. சங்கிலித்தாமின்ர வாளிக்குக் கனவளவு குடுக்கேல்லை. செய்கை வழி ஒண்டும் தெளிவில்லை.”

“மாஸ்ரர், கடைசியில அவன் கொப்பியைப் பாக்கேக்குள்ள...”

“அந்தப் பக்கம் எனக்கு வரேல்லை,” என்றார் மாஸ்ரர். “அதில இலக்கம் இல்லைப் போல. எண்டாலும் சொல்லுறன், விஞ்ஞானம் வெல்லவேணும். சங்கிலித்தாம் தன்ர மூடநம்பிக்கையை எல்லாருக்கும் முன்னால ஒப்புக்கொள்ளவேணும். அதுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி வைச்சிருக்கிறன்.”

சமய உபகுழுவுக்குத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய செபஸ்தியன் தலைவர். கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல மனுசன், பேசும்போது கண் கலங்குபவர். அவருடைய உபகுழுவில் நான்கு சமயங்களுக்கும் பிரதிநிதிகள் இருந்தார்கள். மற்ற மூவரும், சுரூபம் தங்களுடையது அல்லாதபடியால் ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

“மகள், ஒரே ஒரு நாளாவது அந்தக் கண்ணீர் உண்மையாய் இருக்கட்டுமன்,” என்று செபஸ்தியன் கெஞ்சினார். “முழுக்கக் கேக்கேல்லை. ஒரு வெள்ளிக்கிழமை. அண்டைக்கு வெப்பமானி உடைஞ்சு போச்செண்டு எழுதிவிடும்.”

“அய்யா, கடைசிப் பக்கம் வாசிச்சனீங்களோ?”

“அதில மாதா இல்லையாம் மகள், என்னட்ட அனுப்பேல்லை.”

ஒழுக்க உபகுழு ஓய்வுபெற்ற அதிபர் திருமதி மாக்ரெட்டின் பொறுப்பில் இருந்தது. அங்கேதான் கடைசிப் பக்கம் இருந்தது. மாக்ரெட் மிஸ் பக்கங்களை விரலால் தொடாமல், கோடு போடுகிற ஒரு அடிமட்டத்தால் தள்ளித் தள்ளிப் புரட்டினார்.

“இருநூற்றிப் பன்னிரண்டு நாள். விடிய ஐஞ்சு நாப்பது. ஒரு குமர்ப்பிள்ளை. துணைக்கு ஒருத்தரும் போகேல்லையோ?”

“இல்லை, மிஸ்.”

“ஒரு மாமியைப் போடும். மாமிக்கு மூட்டுவருத்தம் எண்டு காட்டினால் அனுதாபமும் வரும்.” அடிமட்டம் கடைசிப் பக்கத்தில் வந்து நின்றது. “இதென்ன, ‘ஒரு நாளும் விடேல்லையே நீ’ எண்டு முடியுது? பிறகு என்ன நடந்தது?”

“அவ்வளவுதான், மிஸ். அவனுக்கு விளங்கியிருக்குமோ, உங்களுக்கு எப்பிடிப் படுகுது?”

“விளங்கினால் என்ன, விளங்காட்டி என்ன? காதல் எண்டால் கலியாணத்தில முடியவேணும். இல்லாட்டிக் காய்ச்சலில முடியவேணும். இப்பிடி நடுறோட்டில விடுறது சமூகத்துக்குக் கூடாது.” மாக்ரெட் மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “இது உம்மட சொந்த அனுபவமோ?”

“இல்லை, மிஸ்,” என்று மெற்றில்டா பொய் சொன்னாள்.

கூட்டு அமர்வு நடந்தது. அதில் மூன்று உபகுழுக்களும் ஒரு மாதிரியாக உடன்பட்டு, பிரித்த கட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, மெற்றில்டாவுக்கு எழுத்தில் கட்டளை தந்தன. செலஸ்தீனா கொப்பியைக் கொடுக்க, சங்கிலித்தாம் அதைத் திறந்து பாராமலே கடலில் வீச வேண்டும். இது சமயத்துக்கு. பிறகு அவன் மாலை வகுப்பில் சேர்ந்து விஞ்ஞானம் படிக்க வேண்டும். இது விஞ்ஞானத்துக்கு. பிறகு மாமியின் முன்னிலையில் இருவருக்கும் கலியாணம். தலைப்பும் மாறவேண்டும் என்றார்கள். அவள் வைத்திருந்த ‘தொண்ணூறு வீத ஈரப்பதன்’ போய், ‘அன்னையின் விஞ்ஞானக் கண்ணீர்’ ஆனது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுகம். பேரவை கையெழுத்து வைக்காத நாவலுக்கு மண்டபம் கிடையாது. மண்டபம் இல்லாத நாவலுக்கு அழைப்பிதழ் கிடையாது. அழைப்பிதழ் இல்லாத நாவலைக் கொழும்பில் ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். தொடாமல் எப்படி வாசிப்பது? புத்தகமாக வந்தால் யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மூலையில், நடுப்பகுதியையாவது வாசித்து அந்தப் பெண்ணை விளங்கிக்கொள்வார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் உட்கார்ந்து, அவர்கள் கேட்ட புது முடிவைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி முடித்தாள். எழுதும்போது அழுதாள் என்றும் சொல்லவேண்டும். பழைய கடைசி மூன்று பக்கங்களை எறிய மனம் வராமல் மடித்துத் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, திருத்திய நாவலோடு வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். பொலிஸ்காரர் ஒருவர் பையைத் திறந்து கொப்பிக் கட்டை எடுத்து, சரியாகச் செலஸ்தீனாவின் அளவுகள் இருந்த அட்டவணைப் பக்கத்தில் விரலை வைத்தார். நேரம் 5.40. உலர் குமிழ் 27. ஈரக் குமிழ் 26. காற்று தென்மேற்கு. இப்படிப் பக்கம் பக்கமாக, திகதி திகதியாக.

“மே மொகக்த?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

“நவகதாவக், மாத்தயா,” என்றாள் மெற்றில்டா.

நாவலுக்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எதற்கு என்று அவர் கேட்டார். ஈரப்பதன் என்றாள். யாருக்கு இந்த விபரமெல்லாம் போகிறது என்று கேட்டார். மாதாவின் கண்ணீர் என்றாள். என்ன வேலை என்று கேட்டார். ஆய்வுகூடம், அமிலப் போத்தல் என்றாள். வாய் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகியது. இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து, அடையாள அட்டையைப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டு அவளை விட்டார்கள். நாவலை விடவில்லை. ‘இலக்கங்கள் அடங்கிய கையெழுத்துக் கட்டு - 1’ என்று துண்டு எழுதித் தந்தார்கள்.

மெற்றில்டா விழுந்தடித்துக்கொண்டு பேரவைக்கு ஓடினாள். “சேர், நாவலைப் பொலிஸ் எடுத்திட்டுது! ஒரே ஒரு பிரதிதான்!”

தலைவர் திடுக்கிட்டு எழும்பினார். “அழைப்பிதழ்?”

“என்ன, சேர்?”

“அழைப்பிதழையும் எடுத்தவங்களோ?”

“இல்லை, சேர். அது உங்களிட்டத்தான் இருக்குது.”

“அப்பாடா,” என்று தலைவர் உட்கார்ந்தார். “நெஞ்சை அடைச்சுப் போட்டீர். வெளியீடு வாற மாதம் ஆறாந்திகதி. அதில ஒரு மாற்றமும் இல்லை.”

மாற்றம் இல்லைதான். ஐந்தாந்திகதி கொட்டாஞ்சேனை அச்சகத்திலிருந்து புத்தகம் வந்தது. வழவழவென்ற அட்டை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆசியுரைகள் நான்கு. அணிந்துரைகள் மூன்று. உபகுழுத் தலைவர்கள் தத்தம் கண்ணோட்டத்தில் எழுதிய மதிப்புரைகள். தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு, படங்களுடன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், ‘இடநெருக்கடி காரணமாக நாவல் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்படும்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது.

“சேர், உள்ளுக்க நாவல் இல்லையே!”

“பிள்ளை, பதினேழு வருஷமாய் வெளியிட்டு வாறம்,” என்றார் தலைவர் அன்பாக. “உள்ளுக்க என்ன கிடக்குது எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் கேட்டு வரேல்லை. நீர்தான் முதல் ஆள்.”

ஆறாந்திகதி பிற்பகல் நான்கு மணிக்கு, பேரவை இருந்த ஒழுங்கையிலேயே ஒரு மண்டபத்தில் விழா தொடங்கியது. மங்கல விளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள், திரிகள் ஏழுதான் இருந்தபடியால் இருவர் எரிகிற திரியையே திரும்ப ஏற்றினார்கள். பிறகு மௌன வணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை என்று அழைப்பிதழில் இருந்தபடி நடந்தது. மெற்றில்டாவின் பெயர் அழைப்பிதழின் கடைசிக்கு முந்திய வரியில், ஒலிபெருக்கி உதவிக்கு மேலே இருந்தது. ஏற்புரை, ஐந்து நிமிடம். அவள் முன்வரிசை ஓரத்தில் செபப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதற்பிரதி மஞ்சள் நாடாவால் கட்டப்பட்டுக் கைமாறியது. அதை வாங்கிய வர்த்தகப் பிரமுகர் நாடாவை அவிழ்க்காமலே நெஞ்சில் அணைத்துப் படத்துக்கு நின்றார்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த நாவலை நான் வாசிக்கவில்லை என்பதைப் பெருமையோடு கூறிக்கொள்ள விரும்புகின்றேன். வாசித்திருந்தால் என் நடுநிலைமை கெட்டிருக்கும். வாசித்த ஒருவரால் ஒரு நூலைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேச முடியும். நாற்பத்தைந்து நிமிடம் பேசுவதற்கு ஒரு தூரம் வேண்டும்!” சபை கைதட்டியது. அவர் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார்.

றேமண்ட் மாஸ்ரர் நாவலின் பரிசோதனைப் பகுதி பாடத்திட்டத்துக்கு அமைவாக இருக்கிறதென்று பாராட்டினார். செபஸ்தியன் அந்த வெள்ளிக்கிழமைக் கண்ணீரைச் சொல்லித் தானும் அழுதார். மாக்ரெட் மிஸ், நாவலில் தம்மை மிகவும் கவர்ந்த பாத்திரம் மாமிதான் என்றார்.

அந்த நேரத்தில்தான் மண்டபத்து வாசலில் சீருடையோடு ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்து நின்றார். கையில் ஒரு மண்ணிறக் கடித உறை.

அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இருநூறு பேர் ஒரே நேரத்தில் நெஞ்சைத் தடவினார்கள். தலைவருக்கு மட்டும் மூளை வேலை செய்தது. பொலிசைக் கண்டால் ஓடலாம், இல்லையென்றால் மாலை போடலாம். மேடையில் ஒரு மாலை மிச்சம் இருந்தது.

“நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களை மேடைக்கு அழைக்கின்றோம்!”

சார்ஜன்ட் என்னவென்று கேட்குமுன்னரே மாலை விழுந்துவிட்டது. கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, “ரெண்டு வார்த்தை, சேர்” என்றார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

“எனக்கி பேச வராது,” என்றார். “என்ட பேர் ஸஹாப்தீன். கொழும்பு ஆள்தான். ஒம்பது வருஷமா பொலிசில தமிழ் வாசிக்கிறதுதான் என்ட வேல. சோதனையில எடுக்கிற கடுதாசி, சாதகம், மருந்துத் துண்டு எல்லாம் என்ட மேசைக்குத்தான் வரும். இந்த நாவலும் வந்திச்சி. திருப்பிக் குடுக்க மெற்றில்டா மிஸ்ஸ வீட்டில தேடின. இங்க ஈக்கிறதா சென்னாங்க.”

தலைவர் நேரமணியின் மேல் கையை வைத்தார்.

“நாவல நான் மூணு தரம் வாசிச்சன்,” என்றார் சார்ஜன்ட். மேடையில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டது போல இருந்தது அவர்கள் முகம். “மொத தரம் ரகசியக் கோட் தேடித்தான் வாசிச்சன். அந்த டேபிள் எல்லாத்தையும் வேற தாளில எழுதிக் கூட்டிப் பாத்தன், கழிச்சுப் பாத்தன். ஒண்டும் வரல்ல. பொறகு திகதிய மட்டும் பாத்தன். இருநூத்திப் பன்னண்டு நாள். ஒரு நாள் விடல்ல. மழை நாளும் ஈக்கிது. காய்ச்சல் நாளும் ஈக்கிது. காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கவா ஒருத்தி இருநூத்திப் பன்னண்டு நாள் வாற? எங்கட பெரியவர் கேட்டார், என்ன கோட் எண்டு. கோட் இல்ல சேர், ஆசை எண்டு சென்னன். எழுதித் தா எண்டார். எழுதிக் குடுத்த.”

மெற்றில்டாவின் கை செபப்புத்தகத்தை இறுக்கிப் பிடித்தது.

“ஆனா கடைசிப் பன்னண்டு பக்கம் எனக்குச் சந்தேகமா ஈக்கிது. அந்தக் கோயில்காரன்ட கையில அவ கொப்பியக் குடுக்கிறா. அவன் தொறந்தும் பாக்காமக் கடல்ல வீசுறான். அது எப்பிடி? ஒண்டும் தெரியாத பொலிஸ்காரன், எனக்கே விளங்கினது அவனுக்கு விளங்காதா? அவன் அவள ஒவ்வொரு நாளும் கண்டவன்.” அவர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அதையும் ரிப்போட்டில எழுதித்தான் குடுத்தன். ‘இறுதிப் பன்னிரண்டு பக்கங்களும் எழுதியவரின் சொந்த விருப்பின்பேரில் எழுதப்பட்டவையாகத் தெரியவில்லை. எவரேனும் வற்புறுத்தினரா என விசாரிக்கவும்.’”

விசாரிக்கவும் என்ற சொல் மேடையில் விழுந்ததுதான் தாமதம், றேமண்ட் மாஸ்ரருக்குப் பின்னேர வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

“நான் அறுபத்திரண்டு புள்ளி குடுத்தனான், அவ்வளவுதான் என்ர தொடர்பு,” என்று எழும்பினார்.

“ஒரு வெள்ளிக்கிழமைதான் கேட்டனான் அய்யா, மாதாவறிய,” என்று செபஸ்தியன் கும்பிட்டார்.

“நான் மாமியை மட்டும்தான் போடச் சொன்னனான்,” என்றார் மாக்ரெட் மிஸ். “கலியாணம் தலைவர் சொன்னது.”

தலைவர் மணியை அடித்தார். விடாமல் அடித்தார். மண்டபத்தை ஆறரைக்குக் கையளிக்க வேண்டும், எல்லோரும் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று நிகழ்ச்சியைச் சுருக்கினார்.

“நன்றியுரை மாத்திரம் இடம்பெறும். நேரமின்மை காரணமாக, நூலாசிரியரின் ஏற்புரை ஆற்றப்பட்டதாகக் கருதப்படும்!”

மெற்றில்டா எழும்பி வெளியே வந்தாள். அவளைத் தடுப்பார் யாருமில்லை, அவள் போனதைக் கண்டவரும் யாருமில்லை. சார்ஜன்ட் மாலையைக் கழற்றியபடி பின்னால் வந்தார். மண்டபப் படிக்கட்டில் வைத்து உறையை அவளிடம் கொடுத்து, எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அவள் எண்ணவில்லை. செபப்புத்தகத்தைத் திறந்து மடித்த மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள்.

“இதுதான் முதல் எழுதினது. அவையள் எடுக்கச் சொன்னவை.”

ஸஹாப்தீன் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியிலேயே நின்று வாசித்தார். வேகமாக வாசிக்கிறவர் அல்ல. உதடு அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஒழுங்கையின் அடியில் கடற்கரைத் தண்டவாளத்தில் கல்கிசைக்குப் போகிற ரயில் போனது. அவர் நிமிரவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

“ம்,” என்றார். “இதுதான். இப்பிடித்தான் ஈக்கோணும்.”

“அவனுக்கு விளங்கியிருக்குமோ?” என்று மெற்றில்டா கேட்டாள். நான்கு மாதமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வி.

“விளங்காம? எனக்கி ரெண்டாம் தரம் வாசிக்கிறப்பவே விளங்கிச்சி.” அவர் தாள்களைப் பக்குவமாக மடித்தார். “பொறகு என்ன நடந்த, அந்தப் புள்ளைக்கி?”

“பிறகு சண்டை வந்திட்டுது. கொப்பியைக் குடுக்கக் கிடைக்கேல்லை. நான் இஞ்சால வந்திட்டன்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சார்ஜன்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைப் பேனையால் காட்டினார். அவள் வைத்தாள்.

“வாசிச்சதுக்கு நன்றி,” என்றாள்.

அதுதான் மெற்றில்டாவின் ஏற்புரை. அந்த நேரம் பார்த்து மேலே மண்டபத்தில் கைதட்டினார்கள். அது ஒலிபெருக்கிக்காரருக்கு.